அம்மாவைக் கேட்காமல்

ஒரு வீடு ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பெண் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போகட்டும். அவளுடைய ஃபோன் எத்தனை முறை அடிக்கிறது என்று பார்த்தால் போதும். இட்லித் துணி எங்கே, அப்பாவின் பிபி மாத்திரை எந்த டப்பாவில், கேஸ்காரர் வாசலில் நிற்கிறார், புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். துணி மடித்து, தரை துடைத்து, பாத்திரங்களை உயரவாரியாக அடுக்கி வைத்திருக்கும் வீடுகளிலிருந்தும் இதே அழைப்புகள் வரும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். எது எங்கே என்பது மட்டும் ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு ஊர் மயிலாடுதுறை. பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். கணவர் பள்ளி ஆசிரியர். மாமியார் எங்களோடு இருக்கிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான், மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வீட்டை எளிமையாக்குவது பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளை நானும் ஆசையோடு படிப்பவள்தான். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் வீட்டுப் பெண் ஒருத்திக்கு மட்டும் சொல்லப்படுபவை. அவள் இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாக அடுக்கினால், இன்னும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நூலகர் லீவில் இருக்கும் நாளிலும் வாசகருக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும், கிடைத்தால்தான் அது நூலகம் என்று என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வீட்டுக்கும் அதையே நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இதை நூலகர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மாவட்டத்துக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். கணிதம் படித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டன் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1931-இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் படிக்காமல் இன்று எந்த ஊரிலும் ஒருவர் நூலகர் ஆக முடியாது. நூல் இருப்பது பயன்படுத்துவதற்காக என்று தொடங்குவார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தித் தர வேண்டும் என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது கடைசி. நூல் என்று வரும் இடத்தில் கரண்டி, பத்திரம், மாத்திரை, சாவி என்று போட்டுப் பார்த்தால், குடும்பம் நடத்துகிறவர்களுக்காகவே எழுதியது போல எனக்குத் தோன்றும்.

நேரம் என்றதும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறார்கள். அந்த வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் கொடுப்பது 88 நிமிடங்கள். 2019 கணக்கெடுப்பில் இது 299, 97 என்று இருந்தது. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்த அதே காலத்தில் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. சமைப்பது, துவைப்பது, பெருக்குவது எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். உளுந்து நாளையோடு தீரும், பையனுக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கு இன்னும் சீர் வாங்கவில்லை என்று நினைவில் வைத்துக்கொண்டே இருப்பது எந்த நிமிடக் கணக்கிலும் சேராது. பஸ்ஸில் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். மாவாட்டும் வேலையைக் குறைக்க கிரைண்டர் வந்தது, துவைப்பதைக் குறைக்க மெஷின் வந்தது. நினைவில் சுமக்கும் வேலையைக் குறைக்க, எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் அடுக்களை. லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற பொம்மைப் பெட்டியைப் பார்த்தபோதுதான் ரங்கநாதனுக்குத் தன் பகுப்பு முறைக்கான யோசனை பிறந்தது என்பார்கள். துளை போட்ட பட்டைகளும் திருகாணிகளும் கொண்ட பெட்டி அது. அவற்றை வேண்டியபடி இணைத்து எதை வேண்டுமானாலும் செய்யலாம். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையின் அழகும் அதுதான். ஒரு பொருள் என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், அங்கே நடக்கும் செயல் எது, இடம் எது, காலம் எது என்றும் கேட்கும். நம் அடுக்களைகளில் பெரும்பாலும் பொருள் என்ன என்று மட்டும்தான் கேட்கிறோம். டம்ளர்கள் எல்லாம் ஒரு தட்டில், கரண்டிகள் எல்லாம் ஒரு கூடையில், மூடிகள் எல்லாம் ஒரு டப்பாவில். காலை ஏழரை மணிக்கு ஒரு சாப்பாட்டு டப்பா கட்டுவதற்கு நாலு இடத்துக்குப் போய் வர வேண்டும்.

செயலைப் பார்த்து அடுக்குவது நமக்குப் புதிதில்லை. அஞ்சறைப்பெட்டி இருக்கிறதே. கடுகும் சீரகமும் உளுத்தம்பருப்பும் வெந்தயமும் ஒரே இனம் கிடையாது. பருப்பு ஒரு பக்கம், விதை ஒரு பக்கம் என்று பிரித்திருந்தால் எண்ணெய் புகைந்துவிடும். தாளிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு வேண்டியவை என்பதுதான் அவற்றை ஒரே பெட்டிக்குள் சேர்க்கிறது. அதைச் செய்தவர்களின் யோசனையை அடுக்களை முழுக்க நீட்டினால் போதும். எங்கள் வீட்டில் ஃபில்டர், காபிப்பொடி, சர்க்கரை, டபரா டம்ளர் எல்லாம் பால் காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரே தட்டில் இருக்கும். சாப்பாட்டு டப்பா, அதன் மூடி, ஸ்பூன், கைத்துண்டு, தண்ணீர் பாட்டில், எடுத்துப்போகும் பை எல்லாம் இன்னொரு தட்டில். திரி, எண்ணெய், தீப்பெட்டி, கற்பூரம் பூஜை அலமாரியின் கீழே. அதற்கென்று ஒரு தீப்பெட்டி தனியாக உண்டு, அடுப்படித் தீப்பெட்டியை அங்கே கொண்டுபோகக் கூடாது.

நூலகத்துக்கும் வீட்டுக்கும் ஓரிடத்தில் வித்தியாசம் உண்டு. நூலகத்தில் படித்து முடித்த புத்தகத்தை அலமாரியில் வைக்காதீர்கள், மேஜையிலேயே விட்டுவிடுங்கள் என்போம். இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம்தான், அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை அகப்படாது. வீட்டில் அப்படி மேஜையில் விட்டுவிட்டுப் போனால் எடுத்து வைக்கும் ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வீட்டில் எடுத்தவர்தான் வைக்க வேண்டும். எடுக்கும்போது நமக்குத் தேவை இருக்கிறது, கொஞ்சம் சிரமப்பட்டாவது எடுத்துவிடுவோம். திருப்பி வைக்கும்போது தேவை முடிந்திருக்கும், உடம்பும் அலுத்திருக்கும். ஆகவே எடுப்பதைவிட வைப்பது சுலபமாக இருந்தாக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பாத்திரங்களில் அடியில் இருப்பதை எடுத்தவர் மேலே வைத்துவிட்டுத்தான் போவார். அது அவர் குணக்கேடு கிடையாது, அடுக்கிய விதம் அப்படி. தினசரி எடுக்கும் சாமானுக்கு மூடியும் வேண்டாம், கதவும் வேண்டாம், மேலே எதையும் வைக்கவும் வேண்டாம். சாவிக்கு ஆணி வாசலை ஒட்டியே இருக்கட்டும். ஹெல்மெட்டுக்கும் அங்கேயே.

சாமான் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினால் இரண்டு கழுவலில் காகிதம் போய்விடும். எவர்சில்வர் பாத்திரக் கடைகளில் பேர் வெட்டித் தருவார்கள் இல்லையா, கல்யாணத்துக்குக் கொடுக்கும் குடத்திலும் தாம்பாளத்திலும் கொடுப்பவர் பெயரும் தேதியும் வெட்டுவது நம் வழக்கம். நான் டப்பாக்களைக் கொண்டுபோய்த் துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, பச்சரிசி, ரவை என்று வெட்டி வாங்கினேன். மூடியில் மட்டும் வெட்டக் கூடாது, உடம்பிலும் வெட்ட வேண்டும். மூடிகள் ஒன்றுக்கொன்று மாறும். கண்ணில் புரை விழுந்திருந்த மாமியாருக்காக எழுத்தைப் பெரிதாக வெட்டச் சொன்னேன். "எனக்குக் கைபட்டாலே தெரியும், எழுத்து எதுக்கு?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியும் அத்தை, உங்க பேரனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன். அதன் பிறகு எந்தெந்த டப்பாவில் வெட்ட வேண்டும் என்று அவரே எடுத்து வைத்தார்.

அடுத்தது காலண்டர். வீட்டுக் காரியங்களுக்கு ஃபோனில் எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. ஒருவர் ஃபோனில் இருப்பது ஒருவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அவற்றை நான் விரும்புவதில்லை. ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் ஜனவரியில் கொடுக்கும் மாதக் காலண்டரைவிட நல்ல சாதனம் எங்கள் வீட்டுக்கு அகப்படவில்லை. பால் வராத நாளைச் சுழித்து வைக்க, சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிக்க நம் அம்மாக்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள். அமாவாசை, கிருத்திகை, அரசு விடுமுறை எல்லாம் அதிலேயே அச்சாகி வந்துவிடுகிறது. நாங்கள் ஆளுக்கொரு நிறப் பேனா வைத்துக்கொண்டோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் வீட்டு வரி, எல்ஐசி தவணை, மகனின் செமஸ்டர், என் கல்லூரியில் ஆய்வுக் குழு வரும் நாள் எல்லாம் அதில் இருக்கும். எல்ஐசியில் ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு முப்பது நாள் சலுகை உண்டு, மாதத் தவணைக்குப் பதினைந்து நாள்தான் என்பதை மகன் சொல்லித்தான் என் கணவரே கவனித்தார். சுவரில் தொங்கியதால்தான் அவன் அதைப் படித்தான்.

காலண்டரில் அச்சாகி வராத தேதிகளும் உண்டு. என் மாமனாரின் திதி இங்கிலீஷ் தேதியில் வராது. தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றும் சேர்ந்து வர வேண்டும், ஒவ்வொரு வருஷமும் நாள் மாறும். மாமியாருக்கு மட்டும்தான் அது தெரியும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் மாதம், எந்த உறவுக்கு வேட்டி சேலை, எந்த உறவுக்குப் பணம், வடாம் மாவுக்கு எத்தனை படிக்கு எவ்வளவு உப்பு என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருந்தது. மகள் விடுமுறைக்கு வந்தபோது பாட்டி சொல்லச் சொல்ல எழுதினாள். "உங்க தாத்தாவுக்கு ஐப்பசி, தேய்பிறை" என்று தொடங்கியவர் இடையிடையே தாத்தா கதைகளுக்குப் போய்விடுவார், அவள் அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். நீள நோட்டு ஒன்று. அதற்கு வீட்டு நோட்டு என்று பெயர். புதுக் காலண்டர் வந்ததும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, அந்தத் தேதிகளை ஏற்றிவிட வேண்டும்.

குடும்பங்களுக்குப் பதிவேடு பராமரிக்கும் பழக்கம் வராது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் வீடுகளில் மொய் நோட்டு இருக்கிறது. ஊர், பெயர், தொகை என்று வரிசை பிசகாமல் எழுதி, இருபது வருஷம் கழித்து எதிர் மொய் செய்யும்போது எடுத்துப் பார்க்கிறோம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடத்துகிறவர்கள் அந்த நோட்டை நம்பித்தான் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். பணத்துக்கும் மரியாதைக்கும் காட்டும் அதே சிரத்தையை வீட்டின் மற்ற காரியங்களுக்கும் காட்டினால் போதும்.

மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது பத்திரங்களும் காகிதங்களும். இதைப் பற்றி யாரிடமும் நான் வற்புறுத்தியே பேசுவேன். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகத் தண்ணீர். பெட்டியில் வைத்திருந்த காகிதங்கள் கூழாகிப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு தொலைந்த ஆவணங்களைத் திரும்பக் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. கடலோர மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் அசல் ஆவணங்கள் எல்லாம் பீரோவின் மேல்தட்டில், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறைகளில், ஜிப் வைத்த ஒரே பையில் இருக்கின்றன. ஒரு கையால் தூக்கிக்கொண்டு வெளியேறும் எடைதான். வீட்டுக்கு ஒரு உறை. அதில் கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு. ஆளுக்கு ஒரு உறை. அதில் பிறப்புச் சான்று, மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்று, ஆதார், பான், பாஸ்போர்ட். பணத்துக்கு ஒரு உறை. ஒவ்வோர் உறையின் மேலும் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் நூலகப் பழக்கம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். அலமாரியிலிருந்து ஒரு நூலை வேலைக்காக எடுத்தால் அந்த இடத்தில் ஒரு சீட்டைச் செருகி வைப்போம், யார், எப்போது, எதற்காக என்று எழுதி. வீட்டிலும் அதே சீட்டுதான். மகளின் கல்விக் கடன் கணக்கை முடிக்க என் கணவர் ஏதோ அசலை வங்கிக்கு எடுத்துப்போனபோது, உறைக்குள் அவர் கையெழுத்தில் சீட்டு இருந்தது. கடன் முடிந்தும் வங்கியிலிருந்து பத்திரத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறோமா என்று பத்து வருஷம் கழித்து யோசித்துத் தவிக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சீட்டின் அருமை தெரியும்.

வங்கிக் கணக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து வருஷம் யாரும் தொடாத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றிவிடுகின்றன. உரியவர்கள் கேட்டால் அது திரும்பக் கிடைக்கும். அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023-இல் உட்கம் என்ற இணையதளத்தையே தொடங்கியது. அந்தப் பணத்துக்கு உரியவர்கள் பலர், அப்பாவுக்கு எந்த ஊர்க் கிளையில் கணக்கு இருந்தது என்று தெரியாத பிள்ளைகளாகவும், கணவர் எங்கே டெபாசிட் போட்டார் என்று தெரியாத மனைவிகளாகவும்தான் இருப்பார்கள். 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், சொத்துக்கு உரியவர் வாரிசுகள் என்பதையும் வீட்டில் பேசிவிடுவது நல்லது. மனைவிக்குப் பயம் வரும், அபசகுனம் என்று நினைத்துச் சில ஆண்கள் இதைப் பேசுவதில்லை. பேசாததால் வரும் அலைச்சல் முழுக்க அந்த மனைவி தலையில்தான் விழுகிறது. வயதில் மூத்த சக ஊழியர்களோடு அலுவலகம் அலுவலகமாகப் போய் நான் அதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு நோட்டில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். கணக்கு இருக்கும் வங்கி, கிளை, என்ன வகைக் கணக்கு, நாமினி யார் என்று மட்டும் போதும். கடவுச்சொல்லும் ரகசிய எண்ணும் அந்த நோட்டில் வேண்டாம்.

சாமானுக்கு இடமும் காகிதத்துக்கு உறையும் வந்த பிறகும், வேலை ஒருவரிடமே தேங்கி நிற்கும். 'நீ சொல்லு, நான் செய்யறேன்' என்று கணவர் சொல்லும் வீடுகள் நிறைய. அவர் மனசு நல்ல மனசுதான். ஆனால் சொல்வதும் ஒரு வேலை. எப்போது சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதைவிடப் பெரிய வேலை. எங்கள் நூலகத்தில் பருவ இதழ்கள் பிரிவு ஒருவரிடம் இருந்தால் சந்தா கட்டுவதிலிருந்து, வராத இதழுக்குக் கடிதம் போட்டு, வருஷக் கடைசியில் பைண்டிங்குக்கு அனுப்புவது வரை அவர்தான். வீட்டிலும் அப்படித்தான் பிரித்தோம். கேஸ் என்றால் மகன். புக் செய்வது, வரும்போது வீட்டில் இருப்பது அல்லது பக்கத்து வீட்டில் சொல்லி வைப்பது, மாட்டுவது, ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது எல்லாம் அவன்.

"எனக்கு அன்னிக்கு பரீட்சைம்மா, நீங்க வாங்கி வெச்சிடுங்களேன்."

"வாங்கி வெக்கறேன். ஆனா யார்கிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணணும்னு நீதான் யோசிக்கணும். இப்போ எங்கிட்ட சொல்லிட்டே இல்ல, அதுதான் உன் வேலை. சரியாப் பண்ணியிருக்க."

சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். எண் வருஷத்தைச் சொல்லும். மறுபரிசோதனைக்கு உரிய காலம் அது. அந்தக் காலம் தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். இதை வீட்டுக்குச் சொன்னவன் அவன்தான். ஒரு வேலை தன்னுடையது என்றானதும் அதைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது. கேஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய 1906-ஐயும் ஆம்புலன்ஸ் 108-ஐயும் அடுக்களைக் கதவின் உட்புறம் அவனே எழுதி ஒட்டினான். ரெகுலேட்டரை மூடுவது, மெயின் சுவிட்சை அணைப்பது, மோட்டார் போட்டு நிறுத்துவது, மாடித் தொட்டியின் வால்வைத் திருப்புவது நான்கும் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாமியாரும் ரெகுலேட்டரை மூடப் பழகிக்கொண்டார்.

பால், கரண்ட் பில், வரி, பாட்டியின் மாத்திரை வாங்குவது கணவருடையது. சனிக்கிழமை சந்தையும் அவர்தான். அவர் தெரிந்தெடுக்கும் கத்திரிக்காய் நான் எடுப்பது போல இருக்காது. அதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பது என் பங்கு. பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கண்காணிப்பைக் கையில் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் வேலை கூடும்.

அலுவலக வேலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாலை கிளம்பும் முன் மறுநாள் காலை முதலில் செய்ய வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வருவேன். வேலை அங்கேயே தங்கிவிடும். வீட்டிலும் இரவு விளக்கை அணைக்கும் முன் நாளைக்கு என்ன சமையல் என்பதைக் காலண்டர் பக்கத்துச் சிலேட்டில் எழுதிவிடுகிறோம். விடிகாலையில் யோசித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கால் மணி நேரம் மிச்சம். முதலில் எழுந்தவர் பருப்பை வேகப்போடலாம், யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம்.

கழிப்பது பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கருத்துண்டு. ஜப்பானின் மரீ கோண்டோ, பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள், மகிழ்ச்சி தந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நன்றி சொல்லி விடைகொடுங்கள் என்று உலகம் முழுவதையும் கேட்க வைத்தார். தனியாக இருப்பவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். மூன்று தலைமுறை இருக்கும் வீட்டில் யாருடைய மகிழ்ச்சி என்ற கேள்வி வரும். பரணில் இருக்கும் பித்தளைத் தவலை எனக்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் சாமான். மாமியாருக்கு அவர் அம்மா வீட்டிலிருந்து வந்த சீர். அவரவர் பொருளை அவரவர்தான் கழிக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். தேன்குழல் அச்சும் இடியாப்ப நாழியும் வருஷத்தில் சில நாள்தான் இறங்கும். அகராதியும் அப்படித்தான், தினமும் யாரும் எடுக்கவில்லை என்பதற்காக அதை யாரும் கழிப்பதில்லை.

மற்றவற்றுக்கு நூலகத்தின் தேதிச் சீட்டு உதவும். புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டில் கடைசியாக எப்போது எடுத்துப்போனார்கள் என்று முத்திரை இருக்கும். பரணில் ஏற்றும் பெட்டிகளில் ஏற்றிய தேதியையும் உள்ளே இருப்பதையும் எழுதி ஒட்டுகிறோம். போகிக்கு இறக்கும்போது இடையில் ஒருமுறையும் திறக்காத பெட்டி எது என்று தெரிந்துவிடும். அதற்குரிய வாசகர் வேறெங்கோ காத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன், மூன்றாவது விதியை நினைத்து. பிள்ளைகளின் பழைய பாடநூல்கள் எங்கள் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் போகின்றன. நல்ல துணிகளைப் போகிக்கு ஒரு மாதம் முன்பே, பனிக்காலம் இருக்கும்போதே கொடுத்துவிடுவது மேல். போகியன்று எரிக்க எங்கள் வீட்டில் எதுவும் மிஞ்சுவதில்லை.

இவ்வளவும் செய்து முடித்த ஒழுங்கு அப்படியே நிற்காது, நிற்கவும் கூடாது. வளரும் உயிர் என்று ரங்கநாதன் சொன்னதை வீட்டில்தான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவர்களுக்கு எட்டட்டும் என்று தட்டும் டம்ளரும் தரையோரத் தட்டில் இருந்தன. இப்போது மாமியாருக்கு முழங்கால் மடங்காது, அவர் எடுக்கும் எதுவும் இடுப்புக்குக் கீழே இருக்கக் கூடாது. அரிசி டின் ஸ்டூல் மேல் ஏறியது. ஏணி போட்டு எடுக்கும் இடத்தில் அவருடைய சாமான் ஒன்றுகூட இல்லை. அவருடைய மாத்திரைகள் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பாவில் இருக்கின்றன. எந்த மாத்திரை எதற்கு, எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்ற பட்டியல் ஒன்று அந்த டப்பாவோடு கட்டியிருக்கும். டாக்டர் மருந்தை மாற்றினால் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிது எழுத வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் போனபோது மருத்துவமனையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்தச் சீட்டைப் பார்த்துப் பதில் சொன்னவன் மகன்தான். நான் அன்று கல்லூரியில் இருந்தேன்.

மகள் கோவைக்குப் போகும்போது வீட்டு நோட்டில் தனக்கு வேண்டிய பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டாள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் மூன்று பெண்களும் ஒரு காலண்டர் வாங்கி மாட்டியிருக்கிறார்களாம். தண்ணீர் கேன், வாடகை, குப்பை போடும் முறை எல்லாம் அதில் இருக்கிறது என்றாள்.

என் கணவர் வருகிற மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். மதியச் சமையலை அவர் எடுத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். சாம்பாரில் தொடங்கட்டும் என்று மாமியார் சொல்கிறார், ரசம்தான் முதலில் கைக்கு வரும் என்பது என் எண்ணம். நோட்டில் சமையலுக்குச் சில பக்கங்களும், ஓய்வூதியத்துக்குச் சில பக்கங்களும் ஒதுக்கியாகிவிட்டது. ஓய்வூதிய உத்தரவின் எண், வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று, குடும்ப ஓய்வூதியத்துக்கான சேர்ந்த புகைப்படம், எந்தக் காகிதம் எந்த உறையில் என்பதையெல்லாம் இந்த முறை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதப் போவதில்லை. அவரே எழுதுகிறார். மாத்திரைப் பட்டியலை அவரிடமிருந்து மகன் எடுத்துக்கொள்வதா, அல்லது வீட்டில் இருக்கப்போகிறவரிடமே விடுவதா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.